எல்லோருக்கும் ஒரே நேற்று

இங்கிலீஷ் வினைச்சொல்லோடு ‘ஈடி’ சேர்த்தால் இறந்தகாலம். அதற்கு அடங்காத சொற்களை உருப்போட வேண்டும். சீர்காழியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் துரைராசு சார் எங்களுக்கு அந்தச் சிரமத்தையும் வைக்கவில்லை. இன்டர்வியூவில் ‘நேற்று என்ன செய்தீர்கள்?’ என்றுதான் கேட்பார்கள் என்று சொல்லி, ஒரு நேற்றையே தயார் செய்து கொடுத்துவிட்டார். அதன்படி நாங்கள் எல்லோரும் அத்தையோடு தஞ்சாவூர் பெரிய கோவிலுக்குப் போனோம், நந்தியைப் பார்த்தோம், புளியோதரை சாப்பிட்டோம். எனக்கு அத்தையே கிடையாது.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் ரிசப்ஷன் வேலை. ஒரே ஓர் இடம். எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் போயிருந்தோம். எங்கள் சம்பாப் பயிர் மழையில் மூழ்கிவிட்டது. இந்த வருஷம் வீடு என் சம்பளத்தை நம்பித்தான். என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள்.

நான் புளியோதரை வரைக்கும் வந்ததும் கேள்வி கேட்ட அம்மாள் சிரித்துவிட்டார்.

“உங்க ஊர்க்காரங்க மூணு பேரும் ஒரே அத்தையோடயா போனீங்க? நேத்து இங்க பேய் மழைம்மா. உங்க நேத்தைச் சொல்லுங்க, இங்கிலீஷ்லயே.”

மானம் போயிற்று. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. வேறு நேற்று எதுவும் மனப்பாடம் இல்லாததால், நடந்ததையே சொன்னேன். அப்பாவும் நானும் வயலில் நின்ற தண்ணீரை வடிய விட வரப்பை வெட்டினோம். வெட்டினோம் என்பதற்கு ‘கட்டட்’ என்றேன். வடிகாலில் தண்ணீர் வயலைவிட உயரமாக நின்றதால், வெட்டிய வழியாகவே தண்ணீர் உள்ளே வந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்து அழுதார். ‘க்ரைடு.’ அதில் மட்டும் தப்பில்லை. அம்மாவிடம்கூடத் தமிழில் சொல்ல வாய் வராததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மண்ணைப் போட்டு மறுபடி அடைத்தோம், காலையில் பஸ் ஏறினேன் என்றேன்.

“திங்கக்கிழமை வந்து சேந்துக்குங்க.”

சாயங்காலம் அப்பா பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. வேலை கிடைத்ததைச் சொன்னதும் என் பையை வாங்கிக்கொண்டார்.

“என்ன கேட்டாங்க?”

“நேத்து என்ன செஞ்சேன்னு கேட்டாங்கப்பா.”

அவர் நடை நின்றது.

“நீ என்ன சொன்னே?”

“பெரிய கோவிலுக்குப் போயி புளியோதரை சாப்பிட்டேன்னு சொன்னேன்.”

அப்பா மூச்சு விட்டார்.

“நல்ல வேளை” என்றார்.