நூறு முடிச்சுக் கயிறு

என் வேலை கயிறு போடுவது. வைக்கோலிலிருந்து வண்டிகளுக்கு எரிபொருள் தயாரிக்கும் ஆலையில் நான் வயல் பரிசோதகன். ஆலை வாசலில் 'பூமியைக் காக்கும் எரிபொருள்' என்று பெரிய பலகை உண்டு. ஆனால் அறுவடையான வயலில் ஒரு துரும்பு விடாமல் வழித்தெடுத்தால் மழைக்கு மண் தங்காது. அதனால் ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒரு முடிச்சாக நூறு முடிச்சு போட்ட கயிற்றை வயலில் மூலைக்கு மூலை இழுத்துப் போட்டு, எத்தனை முடிச்சுக்கு அடியில் வைக்கோல் கிடக்கிறது என்று குனிந்து எண்ணுவேன். முப்பது இருந்தால் கையெழுத்து. குறைந்தால் அந்த வயல் பக்கம் ஆலை மறுபடி வராது.

ஆலைக்கு வைக்கோல் அனுப்பும் ஒப்பந்தக்காரர் என் மனைவியின் அண்ணன். எல்லாம் என் தலையெழுத்து. மச்சானின் இயந்திரம் ஒரு வயலில் இறங்கி ஏறினால் தரை மழித்த தலை மாதிரி ஆகிவிடும். அதில் அவருக்குப் பெருமை வேறு.

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே சரிவில் இருக்கும் வயலைப் பரிசோதிக்கும் நாள் வந்தது. மனைவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வயல் போச்சுன்னா அண்ணனுக்கு ஒப்பந்தமே போயிடும். அப்புறம் எங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"முப்பது இருந்தா கையெழுத்துப் போடறேன்."

"இருக்கும்," என்றாள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் போல.

வயலில் மச்சான் பவ்யமாகக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். எண்ணினேன். நூறு. மறுபடி எண்ணினேன். நூறேதான். பதினாறு வருஷத்தில் எந்த வயலும் வாங்காத மதிப்பெண். நிமிர்ந்து பார்த்தால், மொட்டை வயலின் நடுவே, நுழைகிற மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்கும் பாய் விரித்த மாதிரி வைக்கோல் நேராகப் போகிறது. மற்ற இடமெல்லாம் சுத்தம். நான் எந்த மூலையில் கயிற்றைத் தொடங்குவேன் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று, என் வேலைப் புலம்பலைத் தினமும் கேட்கிறவள்.

மற்ற இரண்டு மூலைகளுக்கு மாற்றிப் போட்டேன். இரண்டு. அதில் ஒன்று மச்சானின் செருப்பிலிருந்து விழுந்தது.

"நூறும் ரெண்டும் நூத்திரெண்டு. பாதியாக்கினா அம்பத்தொண்ணு," என்றார் மச்சான். "முப்பதுக்கு மேலதானே மாப்பிள்ளை?"

கணக்கில் தப்பு இல்லை. கையெழுத்துப் போட்டேன். வெட்கக்கேடுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்குச் சாப்பாட்டில் எனக்குக் கவனிப்பு அதிகம்.

நாலாம் நாள் மத்தியானம் மழை. ஒரு மணி நேரம்தான். மேல் வயல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டது. கூடத்தில் கணுக்கால் அளவு சேறு, அதன்மேல் அங்கங்கே வைக்கோல். மனைவி சோபாமேல் ஏறி நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவர் வந்தார்.

"மழைன்னா சேறு வரத்தான் செய்யும். இது மேல் வயல் மண்ணுன்னு யார் சொன்னா?"

பையிலிருந்து கயிற்றை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். கூடம் சின்னது என்பதால் பன்னிரண்டு மடிப்பாகப் போட வேண்டியிருந்தது. குனிந்து எண்ணினேன்.

"நாப்பத்துமூணு," என்றேன். "மேல் வயல் தேறல, மச்சான். நம்ம கூடம் தேறிடுச்சு."

மச்சான் கயிற்று முனையை மெதுவாகச் சேற்றில் விட்டார். மனைவி சோபாவிலிருந்து இறங்கினாள். மாதக் கடைசியில்தான் பரிசோதனைத் தாள்களை ஆலையில் கொடுப்பேன் என்பதும் அவளுக்குத் தெரியும். என் பையைத் துழாவி மேல் வயல் தாளை எடுத்து, பேனாவோடு நீட்டினாள்.

"அடிச்சிடுங்க."

"அம்மாகிட்ட என்னம்மா சொல்லுவே?" என்றார் மச்சான்.

"ஒரு வாளி சேறு அனுப்பறேன். அவங்களுக்கே புரியும்."

கையெழுத்தை அடித்தேன். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அவள் அண்ணன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து மேல் வயலைக் காட்டினாள். பிறகு சேற்றிலிருந்து கயிற்றை இழுத்து, தன் புடவைத் தலைப்பாலேயே ஒவ்வொரு முடிச்சாகத் துடைத்து, சுருட்டி என்னிடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே எந்த மூலையிலேர்ந்து போடறீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க."