பதினோராவது சூளை

படங்களில் அரியலூர் இல்லை. பயணியர் விடுதியின் மேசைமேல் தங்கசாமி பரப்பிய இருபத்துநாலு படங்களிலும் பாலாடை படிந்த மாதிரி ஒரு வெண்மைதான் இருந்தது. ரயில் பாதை ஓரிடத்தில் தலைகாட்டி, மறுபடி அதற்குள் மூழ்கிவிட்டது.

“வானம் தெளிவா இருக்குன்னு தந்தி குடுத்தீங்க.”

“தெளிவாத்தான் சார் இருந்துச்சு.”

“எங்க?”

“தலைக்கு மேல.”

“கேமரா கீழ பாக்குதும்மா. உங்க தலைக்கு மேல என்ன இருந்தா அதுக்கு என்ன?”

அமலோற்பவமேரி என்கிற அமலி படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தங்கசாமியின் பெங்களூர்க் கம்பெனி, யுத்தம் முடிந்ததும் இரண்டு பழைய விமானங்களை வாங்கி, வானத்திலிருந்து நிலத்தைப் படம் எடுத்துத் தரும் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்துவந்தது. சிமெண்டு ஆலை வைக்க நினைத்தவர்களுக்காக, அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் நிலம் முழுவதையும் இந்த மார்ச்சுக்குள் படமெடுத்தாக வேண்டும். வரதராசன்பேட்டையிலிருந்து அரியலூருக்குக் குடிவந்த வாத்தியாரின் மகளான அமலியின் வேலை, தினமும் காலையில் வானத்தைப் பார்த்துத் திருச்சி விமான நிலையத்துக்குத் தந்தி கொடுப்பது. அவள் ‘தெளிவு’ என்றால் விமானம் கிளம்பும். இரண்டு முறை கிளம்பியது. இரண்டு முறையும் வெறும் வெண்மையோடு திரும்பியது.

“செவ்வாக்கெழம விமானம் கொழும்பு வேலைக்குப் போயிடும். சனி, ஞாயிறு பறக்காது. இனிமே திங்கக்கெழம ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்கு வேற ஆள அனுப்பச் சொல்லி எழுதலாம்னு இருக்கேன்.”

“அன்னிக்கும் நானே பாக்குறேன் சார். இந்தத் தடவை சரியா வந்தா, பெங்களூர்ல படம் பாக்குற ரூமுக்கு என்னை எடுத்துக்கச் சொல்லி எழுதுங்க.”

தங்கசாமி சிரித்துவிட்டார். மாசி மாதத்தில் ஒருநாள் அவர்தான் அவளுக்கு அந்தக் கருவியைக் காட்டினார். நாலு குட்டைக் கால்களில் நிற்கும் இரட்டைக் கண்ணாடி. அதன் கீழே ஒரே இடத்தின் இரண்டு படங்களை வைத்துப் பார்த்தால் தட்டையான காகிதத்திலிருந்து குன்று எழுந்து நின்றது, குவாரி பள்ளமாக இறங்கியது, பனைமரங்கள் அவள் இமையைத் தொட வந்தன. அன்று முதல் அமலிக்கு இந்த உலகத்தில் வேறு வேலை எதுவும் வேலையாகத் தெரியவில்லை.

“வானத்தையே பாக்கத் தெரியல, நெலத்தப் பாக்கப் போறீங்களாக்கும்!”

“எழுதுவீங்களா சார்?”

அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார். “படம் சரியா வரட்டும். எழுதுறேன்.”

அந்தப் பாழாய்ப்போன படங்களை அவள் வீட்டுக்கு வாங்கிப் போனாள். சனிக்கிழமை முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குமேல்தான் அந்த வெண்மைக்கு நூல் உண்டு என்று தெரிந்தது. ஒவ்வொரு நூலும் ஒரு கறுப்புப் புள்ளியில் தொடங்கிக் கிழக்கே நீண்டு, விரிந்து, பக்கத்து நூலோடு கலந்தது. புள்ளிகளை எண்ணினாள். பதினொன்று. குவாரிக் காடுகளில் இருக்கும் சுண்ணாம்புச் சூளைகளும் பதினொன்றுதான். ரயிலடியில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தவளுக்கு, மூன்று மைலுக்கு அப்பால் தரையோடு தரையாகப் படுத்திருந்த புகை எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை ராமநவமி. சூளை வேலை செய்கிற அத்தனை பேரும் வண்டி கட்டிக்கொண்டு கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுவார்கள். திருவிழாவுக்கு முன்பே சூளையைப் பிரித்துவிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒருநாள் எந்தச் சூளையும் எரியாது. அமலி படங்களை அள்ளி அடுக்கினாள். அடுக்கி முடிப்பதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பதினோராவது சூளை அவளுடைய சித்தப்பா அடைக்கலசாமியுடையது. அவருக்குப் பெருமாள் கோயில் திருவிழா கிடையாது.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்ததும் ஓலைக் குருத்தைக் கையில் பிடித்தபடியே சூளைக்கு நடந்தாள். கல்லும் விறகும் மாற்றி மாற்றி அடுக்கிய சூளை பாதியில் நின்றது. சித்தப்பா வேப்பமர நிழலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். சித்தி செபஸ்தியம்மாள் சோற்றுப் பானையோடு அப்போதுதான் வந்திருந்தாள்.

“எப்ப சித்தப்பா கொளுத்துறீங்க?”

“நாளைக்கு விடிகாலம் அடுக்கி முடிச்சு ஏழு மணிக்கு நெருப்பு. ஏலாக்குறிச்சிக் கோயிலுக்கு ஈஸ்டருக்குள்ள வெள்ளையடிக்கணும். புதன்கெழம சுண்ணாம்பு குடுக்குறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“செவ்வாக்கெழம கொளுத்தினா?”

“வெந்து ஆற ரெண்டு நாளாவும். மாதா கோயிலுக்குக் கல்லையா கொண்டு போயி அடிக்கச் சொல்ற?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். படங்கள், நூல்கள், செவ்வாய்க்கிழமை போகும் விமானம், பெங்களூர். சித்தப்பா கடைசிவரை கேட்டார்.

“ஏ புள்ள, ஏரோப்ளேன்காரன் கண்ணுல தூசி வுழுதுன்னு நான் சூளைய நிறுத்தணுமா? அவனை ஒரு துண்டு வச்சித் தொடச்சிக்கச் சொல்லு.”

சித்தி சிரித்தாள். ஆனால் அவள்தான் சொன்னாள்: “ஏன் நிறுத்தணும்? மொத எட்டு மணி நேரந்தான் புகை. ஈரம் போயிட்டா அப்புறம் வெறும் கனல். இன்னிக்குச் சாயங்காலமே கொளுத்திட்டா, காலையில ஒரு பொட்டுப் புகை இருக்காது.”

அமலி எழுந்து நின்றுவிட்டாள். சித்தப்பாவும் எழுந்தார், கோபத்தோடு.

“இன்னிக்கா? ஞாயித்துக்கெழம, அதுவும் குருத்தோலை ஞாயிறு! கல்லைத் தொட்டா, அடுத்த பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாவத்தச் சொல்லுவேன்? தொட்டாலும் அடுக்குறதுக்கு ஆளெங்க? மத்தவனெல்லாம் பெருமாளப் பாக்கக் கெளம்பிட்டானுவ, நம்ம வேதத்து ஆளுங்க ரெண்டு பேரும் நாளைக்குத்தான் வருவாங்க.”

“ஆளுக்கு நான் இருக்கேன். பாவத்துக்குச் சாமியாரக் கேட்டுட்டு வரேன்.”

பங்குச் சாமியார் சாப்பிட்டுவிட்டுச் செபமாலையோடு உலாவிக்கொண்டிருந்தார். உச்சிவெயிலில் இரண்டு மைல் ஓட்டமும் நடையுமாக வந்தவளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“கோயில் காரியத்துக்குன்னா ஞாயித்துக்கெழம வேலைக்கு உத்தரவு குடுக்கலாம். உண்மையச் சொல்லு. இது கோயிலுக்கா, விமானத்துக்கா?”

கோயிலுக்கு என்று சொல்லிவிடலாம். இரண்டு முறை தவறாகத் ‘தெளிவு’ என்று சொன்ன வாய்க்கு மூன்றாவதாக ஒரு பொய் வரவில்லை.

“சுண்ணாம்பு கோயிலுக்கு, சாமி. அவசரம் விமானத்துக்கு.”

சாமியார் செபமாலையின் ஒரு மணியை உருட்டினார். “கூலிக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. குடும்பத்து ஆளுங்க மட்டும். அடைக்கலசாமிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. நீ சொன்னதையும் அப்படியே சொல்லு.”

மூன்று பேர் அடுக்கினார்கள். பெரிய கற்களைச் சித்தப்பா உடைத்தார். சித்தி விறகு எடுத்துக் கொடுத்தாள். அமலி கூடையில் கல் சுமந்து சரிவில் ஏறினாள். முதல் பத்துக் கூடைக்கு உள்ளங்கை எரிந்தது. அதற்குப் பிறகு எரிச்சல் தெரியவில்லை. கொப்புளம் உடைந்து கூடையின் விளிம்பு ஈரமானதைச் சித்திதான் பார்த்துத் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

“வாத்தியார் வூட்டுப் பொண்ணு நாலு கூடையில ஓடிடும்னு நெனச்சேன்,” என்றார் சித்தப்பா.

“எண்ணிக்கிட்டே இருங்க சித்தப்பா.”

பொழுது சாய்ந்து தொலைவில் மாலை மணி அடித்தபோது அவர் சிலுவை போட்டுக்கொண்டு நெருப்பு வைத்தார். மஞ்சள் கலந்த புகை திரண்டு எழுந்து கிழக்கே படுத்தது. அமலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு மணி நேரம் என்றது சித்தியின் கணக்கு. அதுவும் பொய்த்தால், விரல்விட்டு எண்ண இனி ஒரு திங்கட்கிழமைகூட இல்லை.

காலையில் ஆறு மணிக்கு ரயிலடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினாள். இந்த முறை அண்ணாந்து பார்க்கவில்லை. வடமேற்கே, பெரம்பலூருக்கு அப்பால் பச்சைமலை தெரிகிறதா என்று மட்டும் பார்த்தாள். தெரியவில்லை. சூளைகளின் பக்கம் சுத்தமாக இருந்தது. சித்தப்பாவின் சூளைக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. ஆனால் கல்லங்குறிச்சிச் சாலை நெடுக வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. செம்மண் புழுதி ஒரு சுவர் மாதிரி நின்றது.

ஏழரைக்குத் தந்தி குமாஸ்தா நடராசன் கீழிருந்து கூப்பிட்டார். “திருச்சியிலேருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்கம்மா. தெளிவா, இல்லையான்னு.”

“பொறுக்கச் சொல்லுங்க சார்.”

“ஒம்பதுக்குள்ள சொல்லலேன்னா விமானத்தக் கட்டிப் போட்டுடுவாங்களாம்.”

“ஒம்பதுக்குள்ள சொல்றேன்.”

எட்டுக்கு ஒன்றிரண்டு வண்டிகள்தான் வந்தன. எட்டேகாலுக்குச் சாலை வெறுமையாக இருந்தது. புழுதி இறங்குவதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. முதலில் பனைகளின் தலை வெளியே வந்தது, பிறகு கழுத்து, பிறகு அடி. எட்டு நாற்பதுக்கு வானத்தின் ஓரத்தில் யாரோ நீல மசியால் மெல்லக் கோடு இழுத்தது போல் பச்சைமலை தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தாள். அது அங்கேயே இருந்தது.

“நடராசன் சார்! தெளிவு!”

“எழுதட்டுமா?”

“எழுதுங்க.”

ஒன்பது இருபதுக்குத் தெற்கேயிருந்து சத்தம் வந்தது. அவள் தொட்டிமேல் நின்றபடியே, அது போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, நிலத்தை வரிவரியாக உழுவது போல் நகர்ந்ததைக் கடைசி வரி வரைக்கும் பார்த்தாள்.

வியாழக்கிழமை தங்கசாமி படங்களைக் கொண்டுவந்தார். இரட்டைக் கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினார். அமலி குனிந்தாள். குவாரிகள் பள்ளம் பள்ளமாக இறங்கின. கல்லங்குறிச்சிக் கோயிலைச் சுற்றி வண்டிகள் எறும்பு மொய்த்தது போலக் கிடந்தன. பத்துச் சூளைகள் வாய் திறந்து வெறுமையாக இருந்தன. பதினோராவது ஒரு வெள்ளைப் பொட்டு. அதிலிருந்து எந்த நூலும் கிளம்பவில்லை.

“பெங்களூருக்கு எழுதிட்டேன்,” என்றார் தங்கசாமி. அவள் கைக்கட்டுகளைப் பார்த்தார். “அங்க படத்த வெறுங்கையால தொட வுடமாட்டாங்க. கையுறை போடணும்.”

“காயம் ஆறட்டும் சார், போட்டுக்கறேன்,” என்றாள் அமலி, கண்ணாடியிலிருந்து நிமிராமல்.