தீவில் கதிரவேலரின் நித்திரை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பத்மாசனி அக்கா மீன் வெட்டிக்கொண்டே சொன்னது. "நாங்களும் ஒருக்கா லீவுக்கு ஒரு தீவுக்குப் போனனாங்கள், தம்பி" என்றா. நான் சிரித்துவிட்டேன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமந்தவரின் பெண்சாதிக்கு லீவா? என் அப்பனும் அங்கே கரி சுமந்தவன்தான். காய்ச்சல் வந்தால்தான் அவனுக்கு லீவு. அக்கா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "நீலக் கடல் நடுவே மரகதம் போல அந்தத் தீவு..."

(வெட்டியாயிற்று. அங்கே மரகதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாறை, கள்ளி, புறாப் பீ.)

இரண்டாவது: நாற்பத்திரண்டு சித்திரையில் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். அக்காவின் புருசன் கதிரவேலரோடு கரி சுமந்த இரண்டு பேர் செத்தார்கள். மிச்சப்பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். அடுத்த வெள்ளி பொழுதுபடமுன் வேலைக்குத் திரும்பாதவனின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டுவதாகக் கங்காணி சொல்லியனுப்பினான். வெள்ளிக்கு நாலு நாள் இருந்தது. நிலாவெளி மீன்காரர் ஸைனுலாப்தீனின் படகில் பத்மாசனி புருசனை ஏற்றி, மீன்காரர் கருவாடு காயப்போடும் தீவுக்குக் கொண்டுபோனா. வெள்ளி காலமை படகு வரும், அதுவரைக்கும் சும்மா இருப்போம் என்று புருசனுக்குச் சொன்னா. படகுக்காரருக்குச் சொன்னது சனிக்கிழமை.

(இதை ஒளித்துவைத்துக் கடைசியில் உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். எனக்கு அந்த வித்தை பிடிக்காது.)

3

சும்மா இருக்க அந்த மனிசனுக்குத் தெரியவில்லை. இருவரும் தீவைச் சுற்றி வந்தார்கள். அவ கடலைக் காட்டினா. அவர் பாறைகளுக்கு ஆள்கணக்குப் போட்டார்: இதுக்கு நாலு பேர், அதுக்கு எட்டுப் பேர், கயிறும் வேணும்.

"அப்ப என்னைத் தூக்க எத்தினை பேர் வேணும்?"

நின்று, மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாராம். "ஒருத்தன் காணும். ஆனா பழகின ஆளா இருக்கோணும்."

(இதைச் சொல்லும்போது அக்காவுக்கு அறுபது வயது. முகத்தை மீன்சட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டா.)

பிறகு அவர்கள் தங்கியிருந்த கருவாட்டுக் குடிசையிலிருந்து கரைவரை கல்லடுக்கிப் பாதை போட்டார். ஆர் நடக்கிறதுக்கு என்று கேட்டால், நண்டு நடக்கட்டும் என்றார். கண்ணை மூடினால் குண்டுச் சத்தம் கேட்குதாம், நித்திரையே இல்லை.

4

வெள்ளி காலமை சட்டை போட்டுக்கொண்டு கரையில் நின்றார். படகு இல்லை. மத்தியானமாயிற்று. காத்து மாறியிருக்கும், வரும் என்றா அவ. அவருக்குச் சந்தேகம் வந்ததா? ஒரு பந்தி எழுதினேன்: "அவர் மனதில் ஒரு கரிய நிழல்..." போதும். களைத்துப்போன மனிசன் பாறை நிழலில் சாய்ந்தார். குண்டு விழுந்த நாளுக்குப் பிறகு முதல்தரம் குறட்டை விட்டார்.

அப்போது படகு வந்தது.

ஸைனுலாப்தீனுக்கு மனம் கேட்கவில்லை. கங்காணி மெய்யாகவே பேர் வெட்டத்தான் போகிறான், இப்போது வெளிக்கிட்டால் பொழுதுபடமுன் போய்ச் சேரலாம் என்றார். பேர் போனால் சோறு போகும். பேர் இருந்தால், திரும்பவும் குண்டு விழலாம்.

5

ஒரு முடிவில் அவ எழுப்புகிறா. இன்னொன்றில் எழுப்பவில்லை. மூன்றாவதில் அவரே எழும்பி, எல்லாவற்றையும் விளங்கி, மன்னித்து... (இல்லை. கரி சுமந்தவன் அப்படி எழும்பமாட்டான்.)

என்ன நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன். சொல்லவில்லை. நீ என்றால் என்ன செய்திருப்பாய் என்று திருப்பிக் கேட்டா. எழுப்பியிருக்கமாட்டேன் என்றேன், உடனே.

"உனக்கென்ன, நீ எழுதிறவன். உன்ரை பேரை ஆர் வெட்டுறது?"

ஆகவே நான் விலகிக்கொள்கிறேன். அவவின் இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். மணல் சுடுகிறது. படகு பாறையில் அடிபடாமல் தடியை ஊன்றிப் பிடித்தபடி, படுத்திருப்பவரின் நித்திரை குழம்பாத குரலில் ஸைனுலாப்தீன் கேட்கிறார்:

"என்ன செய்யிறது, தங்கச்சி? கெதியாச் சொல்லுங்க."