எத்திராஜின் தவளைகள்

காக்கிக் கோட்டுக்குள் எத்திராஜின் வலது கை போக மாட்டேன் என்றது.

"மடக்குய்யா, மடக்கு!" என்று அதட்டினார் சுபேதார் சுப்பராயன். செத்தவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரஷீது விழித்தான். விடிகாலையில் போன உயிர். இப்போது உச்சி வெயில். கை கட்டையாகக் கிடந்தது.

"உசுரோட இருக்கசொல்லவே இந்தக் கை சலாம் வெக்க மடங்காது சார். இப்பவா மடங்கப் போவுது?" என்றான் ரஷீது. பர்மாவில் எத்திராஜோடு ஒரே கம்பெனியில் இருந்தவன் அவன். சிரிக்கவில்லை, கண் சிவந்திருந்தது.

கோட்டு எத்திராஜுடையது அல்ல. ராயபுரத்துக் குப்பத்துக்குத் திரும்பிவந்த வாரமே அவன் தன் கோட்டைக் கிழித்து அடுப்படிக்குக் கொடுத்துவிட்டான். கஞ்சிப் பானை இறக்க அதைவிட நல்ல துணி கிடையாது என்று அவன் பெண்சாதி குணசுந்தரி இன்றைக்கும் சொல்வாள். இது சுபேதாரின் சொந்தக் கோட்டு. ஒரு மழைத்துளி கண்டதில்லை. காணவும் வழியில்லை, உலக யுத்தம் முழுவதையும் ஆவடியில் ஒரு கம்பளிக் கிடங்குக்குள் இருந்தபடியே நடத்தி முடித்தவர் அவர்.

ஆனால் யுத்தத்தைப் பற்றிப் பாட்டுக் கட்டுவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. திருவொற்றியூரில் வாசகசாலை திறந்தாலும் கொருக்குப்பேட்டையில் குழாய் திறந்தாலும் சுபேதாரின் போர்ப்பாட்டு உண்டு. இன்று கிடைத்திருப்பதோ அசல் பர்மா சிப்பாயின் அசல் பிணம். விடுவாரா? பத்திரிகைக்காரன் ஒருவனைப் படப்பெட்டியோடு கூட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். அவனுக்கு ஒத்திகையும் நடந்தது.

"குண்டுமழை பொழிந்திடவே குருதிநதி பெருகிடவே
பகைவர்தலை தாமரையாய்ப் பர்மாவில் மலர்ந்ததுவே!"

"தாமரைங்கிற இடத்துல நான் கையைத் தூக்குவேன். அப்ப நீர் படம் பிடிச்சுக்கணும்" என்றார் சுபேதார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த குணசுந்தரிக்கு எல்லாம் காதில் விழுந்தது. பர்மாவில் சாகாமல் வந்தவன், துறைமுகத்தில் நிலக்கரி சுமந்து, அந்தத் தூளையே இருமி இருமிச் செத்துப்போனான். அதில் தாமரை எங்கே வந்தது?

அவன் ஒருநாளும் சண்டையைப் பற்றி வாய் திறந்ததில்லை. மழை பிடித்தால் மட்டும் பாடுவான். எல்லாம் தவளையும் அட்டையும் மூங்கில் காடும்தான். "சண்டயப் பாடேன்யா" என்று ஒருமுறை அவளே கேட்டாள்.

"நான் பாத்தத பாடுனா ஊரே தூங்காது குணா. தவளயப் பாடுனா நானாச்சும் தூங்குவேன்."

சென்ற வருஷம் ஒரு கூட்டத்தில் சுபேதார் அவனை மேடையேற்றி, வீரப் பாட்டு ஒன்று பாடச் சொன்னார். அவன் தவளையைப் பாடினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "காட்டையும் பூச்சியையும் பாட எதுக்குடா பர்மா போனே?" என்று சொல்லிச் சுபேதாரே அவனை இறக்கிவிட்டார். அன்று வீடு வந்ததும் எத்திராஜ் சொன்னான்: "நான் செத்தா அந்தாளு என் மேல பாட்டு கட்டுவான். வுட்டுடாத."

குணசுந்தரி எழுந்தாள். ஒரு கையில் மட்டும் மாட்டித் தொங்கிய கோட்டை மெல்லக் கழற்றினாள். உதறி, மடித்து, சுபேதாரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார். பத்ரமா வெச்சிக்கோங்க. நாளைக்கு ஒங்களுக்கு ஆவும்."

பின்னாலிருந்து யாரோ பெண்பிள்ளை களுக்கென்று சிரித்து, சாவு வீடென்ற நினைவு வந்து, இருமலாக்கினாள். சுபேதாரின் முகம் சிறுத்தது.

"இந்தாம்மா, துக்கத்துல பேசுறே, போகட்டும். பாடை தூக்கறதுக்கு முன்னாடி நான் இரங்கற்பா வாசிக்கணும். நாளைப் பேப்பர்ல வரும். உன் புருஷன் பேரு நிக்கும்."

"அவரு பேரா, ஒங்க பேரா?"

"ரெண்டும்தான்!"

பாடை வாசலுக்கு வந்தது. எத்திராஜைக் கிடத்திக் கட்டினார்கள். சுபேதார் தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தை விரித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் குணசுந்தரி தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பாடையின் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பச்சையம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். அந்தக் குப்பத்தில் எந்த வீட்டு ஒப்பாரிக்கும் முதல் குரல் பச்சையம்மாவுடையது.

பெண்கள் தோளோடு தோள் கோத்துவிட்டால் அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒப்பாரி முடிகிறவரை ஆம்பிளை குரல் கேட்கக் கூடாது. போலீசே வந்தாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். கடைசி அடி வாயில் இருக்கும்போதே பாடையைத் தூக்கிவிட வேண்டும். நடுவில் மூச்சு விட இடம் கிடையாது.

"என்னா எடுக்கட்டும்?" என்று பச்சையம்மா காதோரம் கேட்டாள்.

"நான் எடுக்கறேன். நீ வாங்கிக்கோ."

"தவள கத்துதே என் ராசா, தவள கத்துதே…
துப்பாக்கி நின்னாலும் நிக்காமக் கத்துதே…"

பச்சையம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, தவளயாடி?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"தவளதான். வாங்கு."

பச்சையம்மா வாங்கிப் பாடினாள். வாங்கிய பிறகு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு இழுத்தார்கள்.

"எந்த ராசா கெலிச்சான்னு அதுக்கின்னா கவல…
மழ வந்தாப் போதுமுன்னு குந்திகினு கீது தவள…

அட்டைக்கு சப்பான் காலும் ஒண்ணு, நம்ம காலும் ஒண்ணு…
குடிச்சுட்டு வுட்டுடும் அது, கொடியப் பாக்காது கண்ணு…"

சுபேதார் வாயைத் திறந்தார். பாடைக்கழியருகே நின்ற ரஷீது உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். படப்பெட்டிக்காரன், எந்த இடத்தில் கையைத் தூக்குவார் என்று காத்துக்கொண்டே நின்றான். அந்த இடம் வரவில்லை. முன்பு களுக்கென்று சிரித்தவள் இப்போது குரலெடுத்து அழுதுகொண்டிருந்தாள். ரஷீதின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. ஒவ்வொரு அடியும் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

குணசுந்தரி கடைசி அடியை இழுத்தாள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே ரஷீதைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"தூக்கு!" என்றான் ரஷீது.

மேளம் அதிர்ந்தது. பாடை எழுந்து தெருமுனை திரும்பிக் கடலோரமாகப் போயிற்று. படப்பெட்டிக்காரன் அதன் பின்னால் ஓடினான். ஒரு கையில் கோட்டும் மறு கையில் காகிதமுமாகச் சுபேதார் மட்டும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இது அநியாயம்" என்றார் யாரிடமோ.

பிணம் போன வீட்டைக் கழுவ வேண்டும். குணசுந்தரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பச்சையம்மா குடம் குடமாக மொண்டு கொடுக்க, வாங்கி உள்ளறையிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாள். துடைப்பம் தரையில் சரக் சரக்கென்று விழுந்தது. கரியும் பூவும் மஞ்சளுமாகத் தண்ணீர் வாசற்படி தாண்டி முற்றத்தில் இறங்கி, கண்ணாடி போலப் பளபளத்த பூட்ஸ் இரண்டைச் சூழ்ந்தது.

சுபேதார் ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றதை.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. துடைப்பத்தை நிறுத்தவும் இல்லை. அவர் ஓரடி பின்வாங்கினார், இன்னும் ஓரடி, தெரு வரைக்கும்.