கீழ்ப்பக்கம் பிடித்தவர்

“இன்னொரு சுத்து சுத்துடா. நான் என்ன பஞ்சு மூட்டையா?” என்றார் அப்பா.

பெரியவன் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையை நாற்காலியின் முதுகோடு சேர்த்து இன்னொரு சுற்று சுற்றினான். வீடு மாற்றுகிறவர்களின் பீரோவையும் கட்டிலையும் அப்பாவும் அவனும் கட்டி இறக்கிய பட்டை. நுரையீரலில் நீர் கோத்த உடம்பு. இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் சரியும். படுக்க வைத்தே தூக்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். “படுத்துக்கிட்டுப் போறதுக்கு வேற நாள் இருக்கு” என்று வாயை அடைத்துவிட்டார்.

மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்தில் பெரியம்மா வீடுவரை இறங்க வேண்டும். அங்கேதான் தங்கைக்குக் கல்யாணம். பத்துப் பேர்கூட இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பதிவாளர் வந்து உட்கார்ந்தாயிற்று. அப்பாவின் நோவுக்காகவே கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார்கள். இன்றும் அவர் எதிரில் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள்.

கூடத் தூக்க வேண்டிய கூட்டாளி வரவில்லை. கீழ்ப்பக்கம் பிடிக்க மாப்பிள்ளையே வந்து நின்றார். தையல்காரர். தானே தைத்த புதுச் சட்டையின் கையை ஒழுங்காக மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஊசியைவிடக் கனமா எதையாவது தூக்கியிருக்கீங்களா?” என்றான் பெரியவன்.

“உங்க தங்கச்சி கோபத்தைத் தூக்கிட்டுத்தானே மச்சான் ரெண்டு வருஷமா அலையறேன்.”

அப்பா சிரிக்கப்போய் இருமினார். இருமல் லேசில் நிற்கவில்லை. பெரியவன் சிரிக்கவில்லை. இந்த ஆளை அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. பாரம் ஏறினால் விட்டுவிட்டு ஓடுகிற கை என்று தங்கையிடமே சொல்லியிருக்கிறான்.

சாமான் இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவன் பின்னோக்கி இறங்குவான். அவனுக்குப் படி தெரியாது. மேலே பிடிப்பவன் குரல்தான் அவனுக்குக் கண். இன்று அந்தக் குரலை அப்பா எடுத்துக்கொண்டார்.

“நான் சொல்றேன். நீ வாயை மூடிக்கிட்டு வா. மாப்பிள்ளை, காலைப் பாக்காதீங்க. என் மூஞ்சியைப் பாருங்க. ம், படி.”

தூக்கினார்கள்.

“படி... படி... தோளைச் சுவத்துல இடிச்சுக்காதீங்க... படி.”

பெரியவனுக்குத் தெரிந்தது அப்பாவின் உச்சந்தலை மட்டும்தான். மாப்பிள்ளை வைக்கும் ஒவ்வொரு அடியும் நாற்காலிச் சட்டம் வழியாக அவன் கைக்கு ஏறி வந்தது.

“வச்சிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கலாமாப்பா?”

“மூச்சு வாங்கறது நானு. நீ நட.”

இரண்டாம் மாடி கடந்தது. “படி... படி...” குரல் தேய்ந்துகொண்டே வந்தது. பிறகு குரலே இல்லாமல் ஒரு படி இறங்கினார்கள்.

“அப்பா?”

மாப்பிள்ளை நின்றுவிட்டார். அப்பாவின் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பார்வையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“எங்க இருக்கீங்க?” கீழிருந்து தங்கையின் குரல். “பதிவாளர் கடிகாரத்தையே பாத்துட்டிருக்காரு!”

மேலே போவதா, கீழே போவதா? மேலே போனால் இன்று கல்யாணம் இல்லை. மூன்றாம் முறையும் தள்ளிப்போனால், யார் எதிரில் அவள் உட்காருவாள்? பெரியவனின் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். பார்க்காத படியைக் காலால் துழாவினார்.

“படி” என்றார். “படி மச்சான்... படி.”

குரல் உடைந்திருந்தது. பிடி தளரவில்லை.

நாற்காலியை மேசைக்கு எதிரே வைத்தார்கள். தலை முன்னால் சாய்வதற்குள் பெரியவன் பின்னால் நின்று பிடரியில் கையைக் கொடுத்துவிட்டான்.

“இறங்கி வந்த அசதி. அசந்துட்டாரு” என்றாள் பெரியம்மா. “மகன் எப்படித் தாங்கிக்கிட்டு நிக்கறான் பாரு!”

“அப்பா முழிச்சுக்கட்டுமே” என்றார் பதிவாளர்.

“வேண்டாங்க. நீங்க படிங்க” என்றார் மாப்பிள்ளை.

தங்கை எழுந்து வந்து குனிந்தாள். அப்பாவின் சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்ட கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. திரும்பிப்போய் உட்கார்ந்தாள்.

“ஆரம்பிங்க சார்.”

மோதிரம் மாற்றினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்குப் பெரியவனைக் கூப்பிட்டபோது அவன் நகரவில்லை. மாப்பிள்ளையே காகிதத்தை எடுத்து வந்து அவன் முன்னால் பிடித்தார். பெரியவன் இடது கையால் கோணலாகப் போட்டான். யாரோ சிரித்தார்கள்.

வலது தோள் மரத்துப்போயிருந்தது. தங்கை எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று அவன் கவனிக்கவில்லை.

“நீ கையை எடுண்ணா” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “நான் பிடிச்சுக்கறேன்.”

அவன் எடுக்கவில்லை. அவள் விரல்கள் அவன் உள்ளங்கைக்கும் அப்பாவின் பிடரிக்கும் நடுவே நுழைந்தன. புது மோதிரம் அவன் விரலெலும்பில் இடித்தது. உள்ளே பெரியம்மா தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.