சீடார் சீவல்

மகள் ஐந்து நாளைக்கு வீட்டில் இல்லை என்றதும் கணேசலிங்கத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை.

தேஜஸ்வினிக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் பனிமலை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். திங்கள் காலை போனால் வெள்ளி பின்னேரம்தான் வருவாள். முகாமில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. போகும்போது அவள் கவலையெல்லாம் பிஸ்கட்டைப் பற்றித்தான். பிஸ்கட் என்பது அவளுடைய பாம்பு. மூன்று முழமும் இல்லாத, பழுப்பு நிற மலைப்பாம்புக் குட்டி.

"அம்மா, ஜஸ்ட் தண்ணி மட்டும் மாத்துங்கோ. ஹி வோன்ட் நீட் ஃபுட். வேற ஒண்டும் தொடக்கூடாது, ப்ளீஸ்."

அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததிலும் நியாயம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னர், "பாம்போ? வீட்டுக்குள்ளையோ?" என்று கத்தி, மூன்று நாள் மேசையில் ஒன்றாய் இருந்து சாப்பிடாமல் அடம்பிடித்தவர் அவர். கடைசியில் மனைவி சங்கரிதான் சமாதானம் பேசி, பாம்பு வளர்ப்பதற்கான அனுமதிப்பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். பாம்பு வந்த பிறகு ஒரு மாதம் அவர் மகளின் அறைப்பக்கமே போகவில்லை. பிறகு மெல்ல மெல்ல, கதவு திறந்திருந்தால் எட்டிப்பார்க்கத் தொடங்கினார். அது தலையைத் தூக்கி அவரைப் பார்க்கும். அவரும் பார்ப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு விசயம்தான் பொறுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கீழே போட்டிருந்தது, பழைய பேப்பரை அரைத்துச் செய்த சாம்பல் நிற உருண்டைகள். பூனை மலங்கழிக்கும் தட்டில் போடுவார்களே, அதே சாமான். நான் ஒரு தச்சன், என் மகள் வளர்க்கிற சீவன் பூனைக் கக்கூசிலா படுக்கவேண்டும் என்று நினைத்தார்.

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த டாண்டனோங்கில் அவர் வேலை செய்யும் பட்டறையில் அந்த வாரம் ஒரு பெரிய வீட்டுக்கு உடுப்பு அலுமாரிகள் செய்தார்கள். உள்பக்கம் முழுக்கச் சீடார் என்கிற வாசனை மரப் பலகை. இழைப்புளி ஓட ஓட, சிவந்த சீவல் சுருள் சுருளாக விழுந்தது. பட்டறையெல்லாம் மணம். திங்கட்கிழமை வேலை முடிந்து வரும்போது ஒரு பை நிறையச் சீவல் கொண்டுவந்தார்.

பாம்பு தன் சின்ன ஒளிப்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. பெட்டியோடு தூக்கி ஒரு மூடியுள்ள வாளிக்குள் வைத்தார். உருண்டைகளை அள்ளிக் கொட்டினார். கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார். நாலு விரற்கடை உயரத்துக்குச் சீவலைப் பரப்பி, பாம்பைத் திரும்ப விட்டு, சூட்டு விளக்கைப் போட்டார். விளக்கின் கீழ் சிவப்புச் சுருள்கள் பொன்னாய் மின்னின. அறைக்குள் கோயில் மாதிரி ஒரு வாசம். வெள்ளிக்கிழமை மகள் கதவைத் திறந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு படுக்கப் போனார்.

செவ்வாய் பின்னேரம் பார்த்தபோது பாம்பு ஒளிப்புக்குள் இல்லை. கண்ணாடி ஓரமாகச் சுற்றிச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் நின்று மேலே எழும்பும், விழும், திரும்பவும் சுற்றும்.

"பாரும் சங்கரி, என்ன சந்தோசம் அதுக்கு" என்றார்.

முதியோர் இல்ல வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த சங்கரி எட்டிப்பார்த்தாள். "எனக்கென்னவோ அது வழி தேடுற மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டுப் போனாள்.

அந்த ஒரு சொல் அவருக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. புதன்கிழமை பட்டறையில் ஒரு பலகையை இரண்டு தரம் அளந்தும் பிழையாக வெட்டினார். மதியத்தோடு தலையிடி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் போனார். விளக்குச் சூட்டில் சீடார் மணம் மூக்கில் ஏறியது. பட்டறையில் ஒருநாளும் உறைக்காத மணம் இங்கே உறைத்தது. பாம்பு, பெட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த மரக்கொப்பின் உச்சியில் ஏறி, மூடியின் வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் 'கிளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மூக்கோரத்தில் ஒரு நீர்க்குமிழ் வந்து உடைந்தது.

குசினியில் பிரிட்ஜ் கதவில் டெரன்ஸின் நம்பர் ஒட்டியிருந்தது. பிஸ்கட்டை விற்றவன் அவன்தான். ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியப் பையன். வீட்டுக் கராஜில் பாம்புகள் வளர்க்கிறான்.

"தம்பி, நான் தேஜஸ்வினியின்ர அப்பா. பாம்பு வாயைத் திறந்து மூச்செடுக்குது."

"கீழ என்ன போட்டிருக்கீங்க அங்கிள்?"

"சீடார் சீவல். நல்ல சாமான். நான்தான் கொண்டுவந்தனான்."



"அங்கிள், இப்பவே வெளிய எடுங்க. நாளைக்கு இல்ல, இப்பவே. அலமாரிக்குள்ள சீடார் எதுக்குப் போடுறாங்க?"

"பூச்சி வராமல்."

"அதான் லா. பூச்சிய வெரட்டுற எண்ணெய் அதுல இருக்கு. சூடு பட்டா இன்னும் கெளம்பும். அதுக்கு நம்ம மாதிரி ரெண்டு நல்ல நுரையீரல் இல்ல அங்கிள், ஒண்ணுதான் உருப்படியா வேலை செய்யும். பைன் மரச் சீவலும் கூடாது. மண் போட்டா வயித்துல அடைக்கும். இப்போதைக்கு வெறும் கிச்சன் டவல் போடுங்க, பிரிண்ட் இல்லாதது. நாளைக்குக் காலையில ரெப்டைல் டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"இப்ப அதை எப்பிடி வெளியில எடுக்கிறது?"

"கையாலதான்."

சங்கரி வேலையில். வீட்டில் வேறு யாரும் இல்லை. கணேசலிங்கம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. பிறகு 'கிளிக்' என்று அந்தச் சத்தம் கேட்டது. கையை விட்டார். வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தார். உலர்ந்து, மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது. கொப்பிலிருந்து கழற்றக் கழற்ற அது அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. கடிக்கவில்லை. வாயைத் திறந்தபடி அவர் கைமேல் தலையைச் சாய்த்தது. அதுதான் அவரை உடைத்துவிட்டது. ஒரு கையில் பாம்போடு, மற்றக் கையால் சீவலை வாரி வாரிப் பைக்குள் திணித்தார். யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். குளிர் உள்ளே வரக்கூடாது என்ற நினைப்பு வந்து திரும்பச் சாத்தினார். கண்ணாடியை மூன்று தரம் கழுவினார். மணம் போன மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது.

அடுத்த நாள் மிருக வைத்தியர், ஒரு நடுவயது வெள்ளைக்காரப் பெண், பாம்பின் நெஞ்சில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். நுரையீரலில் தொற்று. ஏற்கெனவே இலேசாக இருந்திருக்கலாம், சீடார் அதைக் கிளறிவிட்டிருக்கலாம். முழுக்க உங்கள் பிழை என்று சொல்ல முடியாது என்றார். முதல் ஊசியை அவரே போட்டார். மூன்று நாளைக்கு ஒன்றாக இன்னும் ஆறு ஊசி, மருந்து நிரப்பியபடி, ஃப்ரீசரில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

சங்கரி அவற்றைத் துருவிய தேங்காய்ப்பூவுக்குப் பக்கத்தில் வைத்தபடி சொன்னாள்: "பிள்ளைக்குச் சீவல் கதை தேவையில்லையப்பா. வருத்தம் வந்தது, டொக்டரிட்டக் காட்டினனாங்கள் எண்டு சொல்லுவம். டொக்டரே ஏற்கெனவே இருந்திருக்கலாம் எண்டு சொல்லுறாதானே."

"ஓம், சொல்லுறாதான்" என்றார் அவர். கதிரையில் இருந்தார், எழும்பினார், அறைக்குப் போய்ப் பாம்பைப் பார்த்தார், திரும்பி வந்து இருந்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு மறுபடி போனார். அது காகிதத்தின் மேல் அசையாமல் கிடந்தது. சுற்றிச் சுற்றி ஊர்ந்தபோது பயமாக இருந்தது. அசையாமல் கிடக்கும்போது அதைவிடப் பயமாக இருந்தது.

வெள்ளி பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் தேஜஸ்வினி பையைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் காரில் முன் சீட்டில் ஏறினாள். மூக்கு நுனி வெயிலிலும் பனியிலும் உரிந்திருந்தது. "ஹவ்ஸ் பிஸ்கட்?" என்பதுதான் முதல் கேள்வி.

அவர் காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னார். சீவல், மணம், அது வழி தேடியது, தான் சந்தோசம் என்று நினைத்தது. டாக்டர் சொன்ன 'ஏற்கெனவே இருந்திருக்கலாம்' என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

"ஐ செட் டோன்ட் டச் எனிதிங்."

"ஓம். கேட்டனான்."

"தென் வை?"

அவரிடம் பதில் இருந்தது. அதைத் தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் சாட்டுப் போலத்தான் கேட்கும் என்று பட்டது. "வடிவாயிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

அவள் கதவைத் திறந்து இறங்கி, பின் சீட்டில் போய் ஏறினாள். வீடு வரும்வரை பேசவில்லை.

சனிக்கிழமையும் பேசவில்லை. பாம்புப் பெட்டியின் மூடியில் ஒரு சின்னப் பூட்டுத் தொங்கியது. ஞாயிறு காலை சங்கரி வேலைக்குப் போன பிறகு, அவர் கூடத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தபோது அறையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா. வாங்கோ. ஐ கான்ட் டூ இட் அலோன்."

அவள் கையில் ஊசி. உள்ளங்கையில் வைத்து உருக்கியிருந்தாள். அவர் பாம்பைப் பிடித்தார். இறுக்கிப் பிடிக்கவேண்டாம், தாங்கினால் போதும் என்றாள். அவள் ஊசியைக் கிட்டக் கொண்டுவந்து திரும்ப எடுத்தாள். "உம்மால ஏலும்" என்றார். செதில்களுக்கு நடுவில் ஊசி இறங்கியபோது பாம்பு ஒருதரம் முறுகிற்று. பிறகு அவர் விரல்களுக்குள் தளர்ந்தது.

"நானும் ஃபர்ஸ்ட் சீடார்தான் பாத்தனான்" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "அந்தக் கலர் வடிவு. டெரன்ஸ் அண்ணா டோல்ட் மீ நோ."

அவ்வளவுதான் சொன்னாள். ஊசி மூடியைப் போட்டு, பாம்பை வாங்கி உள்ளே விட்டு, திறப்பைத் திருகிப் பூட்டைப் பூட்டினாள்.

'கிளிக்' சத்தம் நாலாவது ஊசியோடு குறைந்தது, ஆறாவதோடு நின்றது. ஆனால் அது சாப்பிடவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் உருக்கிய சுண்டெலியை இடுக்கியால் நீட்டுவாள். அது முகர்ந்துவிட்டுத் திரும்பும். அந்த நாட்களில் அவர் பட்டறையிலிருந்து இரண்டு தரம் வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்பார். ஏழாவது வாரம் ஒரு புதன் பின்னேரம் "அப்பா, கெதியா!" என்று கத்தினாள். குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் துவாயோடு ஓடினார். எலியின் வால் மட்டும் வாய்க்கு வெளியே கிடந்தது.

"உள்ள வாங்கோ" என்று கிசுகிசுத்தாள், "சத்தம் போடாமல்."

ஈரமான முகத்தோடு கணேசலிங்கம் அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். வால் முழுக்க மறையும்வரை இரண்டு பேரும் மூச்சுக்கூட விடவில்லை. பூட்டு இன்னும் அந்த மூடியில்தான் தொங்குகிறது. திறப்பு எங்கே என்று அவர் கேட்டதில்லை.