அண்ணனுக்கு ஒரு பெட்டி

மனுஷன் சாப்பிட உட்கார்ந்தால் போதும், அவர் வேலை பார்க்கும் ஆபீஸ் மொத்தமும் அவர் தோளில்தான் நிற்கும். "என் கையெழுத்து இல்லாம அங்க ஒரு ஃபைல் நகராது, தெரியுமா?" என்பார் அண்ணன். அண்ணி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்துவார். மகள்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள். அதே வீட்டில் இருக்கும் தங்கைக்கும் சிரிப்பு வரும். அண்ணன் அளப்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

தங்கையின் வேலை படம் போடுவது. ஓவியம் கீவியம் எல்லாம் இல்லை. ஓர் ஆபீஸில் வேலை எப்படி நடக்கிறதோ அதை அப்படியே பெட்டியும் அம்புமாக வரைவது. ஒரு வேலைக்கு ஒரு பெட்டி, அடுத்து எங்கே போகும் என்பதற்கு ஓர் அம்பு. முன்பெல்லாம் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஆளாளுக்கு இஷ்டப்படி நடந்துகொள்வார்கள். இப்போது அந்தக் கதை நடக்காது. படத்தை அப்படியே புரோகிராமாக மாற்றி ஓட விடுகிற சாஃப்ட்வேர் வந்துவிட்டது. அம்பு இருந்தால் ஃபைல் போகும், பெட்டி இருந்தால் நிற்கும். அதற்கு முகதாட்சண்யம் எல்லாம் தெரியாது.

போயும் போயும் அண்ணன் ஆபீஸ் வேலையே அவள் கைக்கு வந்தது. மோதிய வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும் கம்பெனி அது. ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று பார்த்தாள். ஃபைல் தூக்கிக்கொண்டு போகும் பியூன் பின்னாலும் நடந்தாள். அண்ணன் மேஜைக்கு மட்டும் போகவில்லை. வீட்டு ஆள்தானே, தெரியாததா என்ன?

பியூன்தான் போட்டு உடைத்தார். "உங்க அண்ணன் லீவு போட்டா நான் ஃபைலை நேரா கணக்குப் பிரிவுல கொண்டுபோய் வச்சிடுவேன்மா. இதுவரைக்கும் யாரும் ஏன்னு கேட்டதில்ல."

அது போதுமே. வேண்டாத வேலை என்று இரண்டு குமாஸ்தாக்களை ஏற்கெனவே படத்திலிருந்து தள்ளியிருந்தாள். மூன்றாவதாக அண்ணன்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் அண்ணியிடம் சொல்லித் தொலைத்தாள். அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவருக்கும் ஒரு பெட்டி போட்டுடு. இந்த வேலையும் போச்சுன்னா நான் ரெண்டு பொண்ணுங்களை வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

"அண்ணி, அது பொய்யாயிடும்."

"படம்தானே! ஒரு பெட்டி கூட இருந்தா குறைஞ்சா போயிடும்?"

நல்ல மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது செய்கிற கெடுதலை எதிரிகூடச் செய்யமாட்டான். தங்கை பெட்டியைப் போட்டாள். 'மூத்த அலுவலர் ஆய்வு' என்று கௌரவமாகப் பெயரும் வைத்தாள். அண்ணன் பார்த்துச் சம்மதம் என்று அழுத்தினால்தான் ஃபைல் அடுத்த இடத்துக்குப் போகும் என்று எழுதினாள்.

"இது அவசியமா?" என்று இருவரையும் எதிரே வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டார் மேனேஜர்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! நான் பாக்கலேன்னா கம்பெனி மூழ்கிடும்" என்றார் அண்ணன். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நடையைப் பார்க்க வேண்டுமே, தரையில் கால் பாவவில்லை.

படம் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, காய்ச்சலோடு படுத்துவிட்டார்.

முன்பென்றால் பியூன் அவர் மேஜையைத் தாண்டிப் போயிருப்பார். இப்போது ஃபைல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். தாண்ட யார் இருக்கிறார்கள்? எல்லா ஃபைலும் அந்தப் பெட்டி வாசலில் வந்து நின்றது. மெக்கானிக் கடையில் வண்டியை விட்டுவிட்டுப் பிழைப்பில்லாமல் கிடந்த டிரைவர்கள் போன் போட்டு மேனேஜரைக் கிழித்தார்கள். மேனேஜர் அறைத் திரையில் அண்ணனின் பெட்டி மட்டும் சிவப்பாகக் கிடந்தது.

விஷயம் தெரிந்து அடித்துப் பிடித்து ஆபீஸுக்கு ஓடினார் அண்ணன். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்து, குவிந்த அத்தனைக்கும் ஒரே மூச்சில் சம்மதம் அழுத்தித் தள்ளினார். அதையும் சாஃப்ட்வேர் ஒன்றுவிடாமல் குறித்து வைத்துக்கொண்டது.

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "ஒரு ஃபைலைக்கூட நீங்க திறக்கவே இல்லையே சார்?"

"அனுபவம் சார். பேரைப் பாத்தாலே சொல்லிடுவேன்."

மேனேஜர் தங்கை பக்கம் திரும்பினார். "நீங்கதானே வரைஞ்சீங்க, நீங்க சொல்லுங்க. இந்தப் பெட்டிக்குள்ள என்ன வேலை நடக்குது?"

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் திரையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

அந்த மாசத்தோடு கணக்கை முடித்து அவரை அனுப்பிவிட்டார்கள். படத்தில் இடம் கிடைக்காத அந்த இரண்டு குமாஸ்தாக்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஆள் மிச்சம் என்று டெலிபோன் பிரிவில் உட்கார வைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே சம்பளம் வாங்குகிறார்கள். அண்ணனோ வேலையை முடக்கியவர். அப்படிப்பட்டவரை எந்தப் பிரிவு சேர்த்துக்கொள்ளும்?

பெட்டியை எடுக்கும் வேலையும் தங்கை தலையில்தான் விழுந்தது. தொட்டு அழுத்தினாள், போயிற்று. இரண்டு பக்கத்து அம்புகளும் தாமாகவே ஒட்டிக்கொண்டன.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணி கொஞ்சம் தள்ளிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் அங்க ஒண்ணும் கிழிக்கலன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார் அண்ணன். "அப்புறம் எதுக்கும்மா அந்தப் பெட்டியைப் போட்டே?"

அண்ணியின் கத்தி நின்றது. தங்கை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணிதான் கெஞ்சினார் என்று சொன்னால் அந்த வீட்டில் மிச்சமிருப்பதும் போய்விடும்.

"நீதானேண்ணா சொன்னே, உன் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராதுன்னு. நான் நம்பினேன்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு கோணலாக வந்தது.

"எல்லார் பக்கத்துலயும் நாற்காலி போட்டு உக்காந்தே. என்கிட்டயும் வருவேன்னு, ஒரு நாற்காலியைத் துடைச்சுத் தயாரா வச்சிருந்தேன். நீ படம் போட்டு முடிக்கிற வரைக்கும் தினமும் துடைச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நம்பியிருந்தா நீ வந்து பாத்திருப்பியேம்மா."

அண்ணி நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தங்கை அண்ணன் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.